உக்கலுக்குள் ஓடித்திரியும் இறகுச்சிறகு வண்டு

வைகாசி மழை பிடித்து இரண்டு கிழமை போனால், கொழும்பில் எந்த வளவை எடுத்தாலும் ஒரு மூலை உக்கத் தொடங்கியிருக்கும். தெஹிவளையில் எங்கள் வளவில் அது பலா மரத்தடி. மேலே கிடக்கும் இலை இன்னும் தோல் போல விறைப்பாக இருக்கும். அதைத் தூக்கினால் அடுத்த இலை கறுத்துத் தளர்ந்திருக்கும். அதற்கும் கீழே இலை என்று சொல்ல ஒன்றும் இராது; நரம்பு மட்டும் வலை போல மிஞ்சி, இடையிடையே வெள்ளை நூல் ஓடியிருக்கும். அந்த நூல்தான் பூஞ்சணம். அந்த மட்டத்தில் ஒரு கைப்பிடி அள்ளிப் பழைய மா அரிதட்டில் போட்டு, வெள்ளைப் பீங்கான் ஒன்றின் மேல் மெல்லத் தட்டினேன். மண்ணிறத் தூசு விழுந்தது. கையை எடுத்துவிட்டுக் காத்திருந்தேன். அரை நிமிடம் போனதும் தூசில் கொஞ்சம் ஓடத் தொடங்கியது.

ஓடியதில் பாதி உண்ணி இனத்துச் சிற்றுயிர்கள், மீதியில் பெரும்பகுதி துள்ளிப் பாயும் வால்துள்ளிகள். ஆனால் ஒன்று மட்டும் வேறு மாதிரி ஓடியது. நேராக விரைந்து, சட்டென்று நின்று, திசை மாற்றி மறுபடி விரைந்தது. பத்து மடங்கு பெருக்கும் கைவில்லையைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்துப் பார்த்தபோது, அது முழுமையான ஒரு வண்டு. கருங்கபில நிறம், மேலெல்லாம் நுண்மயிர், அதனால் ஒரு பட்டுப் பளபளப்பு. முதுகை மூடும் கெட்டிச் சிறகுகள் பின்னால் நேராக வெட்டியது போல முடிந்துவிடுகின்றன. அதற்கு அப்பால் வயிற்றின் நுனி வெளியே தெரிகிறது. உணர்கொம்பு நூலிழை போல மெலிந்து, கணுவுக்குக் கணு நீண்ட மயிர் வட்டமாகச் சிலிர்த்து நிற்கிறது. இவ்வளவும் ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவான உடலில்.

ஒரு கடுகை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் குறுக்களவில் பாதியும் இதற்கு வராது. அரிசிப் பானையில் காணும் வண்டோடு ஒப்பிட்டால், இதில் நாலைத் தலையும் வாலுமாக வரிசை வைத்தால்தான் அந்த ஒன்றுக்குச் சரியாகும். தமிழில் இதற்கென்று புழங்கும் பெயர் எதுவும் நான் கேட்டதில்லை. உலகில் இதை அறிந்தவர்கள் சொல்லும் பெயரை அப்படியே தமிழாக்கினால் இறகுச்சிறகு வண்டு என்று வரும். அறிவியலில் குடும்பப் பெயர் டிலியிடே. மென்மையான இறகு என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. இதுவரை விவரிக்கப்பட்டவை 600 இனங்களுக்கு மேல். வண்டுக் குடும்பங்களிலேயே மிகச் சிறிய உடல்கள் இங்கேதான் இருக்கின்றன.

இதைப் பற்றிப் பேசுவதற்கு நம்மிடம் ஏற்கெனவே நல்ல சொற்கள் இருக்கின்றன. உக்குவது வேறு, அழுகுவது வேறு. மீன் அழுகும், தக்காளி அழுகும்; நாற்றமடிக்கும், நீர் வடியும். இலை உக்கும், மரக்கட்டை உக்கும், பழைய ஓலை வேலி உக்கும். மழை விட்ட மண்ணின் வாசம் வரும், கையில் எடுத்தால் உதிரும். யாரும் பாடம் எடுக்காமலே எங்கள் பாட்டிமார் இந்த இரண்டையும் மாற்றிச் சொல்லமாட்டார்கள். இவற்றைப் பிரிப்பது காற்று. துகளுக்கும் துகளுக்கும் நடுவே காற்று ஓட இடம் இருந்தால், பூஞ்சணமும் காற்றில் வாழும் பற்றீரியாவும் வேலையை எடுத்துக்கொள்ளும். அது உக்கல். நீர் நிறைந்து, அல்லது பாரத்தில் இறுகி, அந்த இடைவெளி அடைபட்டால் காற்றில்லாமல் வாழும் பற்றீரியாவின் கை ஓங்கிவிடும். அது அழுகல். நான் பீங்கானில் பார்த்த வண்டு உக்கலின் பிள்ளை. பூஞ்சண நூலையும் அதன் வித்திகளையும் மேய்வதுதான் அதன் சீவனம். அந்த இடைவெளிதான் அதன் வீடு, வீதி, எல்லாம். அதன் உடல் ஏன் இப்படி இருக்கிறது என்பதற்கு அந்த இடைவெளியிலேயே பெரும்பாலான விடை கிடைக்கிறது என்பது என் எண்ணம்.

அதற்கு முன் இந்தத் தீவில் இதைக் கண்டவர் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1850களில் இலங்கையில் நீட்னர் என்று ஒரு ஜெர்மானியர் இருந்தார். கோப்பித் தோட்டக்காரர். கோப்பி மரத்தைத் தாக்கும் பூச்சிகளைப் பற்றி 1861இல் நூல் எழுதியவர். அந்தக் காலத்தில் இங்கே பூச்சி சேர்த்தவர்கள் பெரும்பாலும் கண்ணைப் பறிக்கும் வண்ணத்துப்பூச்சிகளையும் பொன்வண்டுகளையும் தேடி அலைந்தார்கள். நீட்னர் குனிந்து சருகைக் கிளறினார். அவர் பெயரிட்ட இறகுச்சிறகு வண்டுகள் 1861இல் வெளிவந்த எமர்சன் டெனன்டின் இலங்கை இயற்கை வரலாற்று நூலின் பட்டியலில் ஏறியிருக்கின்றன. மொத்தம் ஐந்து. அந்தப் பெயர்களை லத்தீனிலிருந்து அவிழ்த்துப் பார்த்தால், மனுசன் நுணுக்குக்காட்டிக்கு முன்னால் எப்படி உட்கார்ந்திருப்பார் என்பது தெரிகிறது. ஒன்றுக்குக் குர்சிட்டன்ஸ் என்று வைத்தார். அங்குமிங்கும் ஓடித்திரிவது என்று பொருள். இன்னொன்று இம்மச்சூரா, முற்றாதது. வேறொன்றின் பெயர் பெரிய தலை கொண்டது என்று பொருள்படும். அடுத்தது ஏறக்குறையச் சதுரமானது. ஐந்தாவதன் பெயர் இன்விசிபிலிஸ். கண்ணுக்குத் தெரியாதது.

வண்டுக்கு ஓடித்திரிவது என்று பெயர் வைத்தவர் அது ஓடுவதைப் பார்த்திருக்கிறார். ஊசியில் குத்தி வைத்த செத்த வண்டைப் பார்த்து எழுதிய பெயர் அது அல்ல. எனக்கு அவரில் பிடித்தது அதுதான். அவர் இவற்றில் மூன்றை வைத்த பேரினத்தின் பெயர் டிரைக்கோப்டெரிக்ஸ், மயிர்ச்சிறகு. அந்தப் பெயரை ஓர் அந்துப்பூச்சிக் கூட்டம் முன்பே எடுத்துக்கொண்டது பின்னர் தெரியவந்ததால், அந்த வண்டுப் பேரினம் இன்று அக்ரோடிரிக்கிஸ் எனப்படுகிறது. எங்கள் பலா மரத்தடியில் ஓடியதன் வெட்டிவிட்ட முதுகைப் பார்த்தால் அதுவும் அந்தப் பக்கத்துச் சொந்தம் போலத்தான் தெரிகிறது. இனம் எதுவென்று சொல்ல, உள்ளுறுப்பைப் பிரித்துக் கண்ணாடித் தட்டில் ஏற்றிப் பார்க்க வேண்டும். வெறும் கைவில்லையால் ஆகிற காரியம் இல்லை.

சரி, ஒரு வண்டு எவ்வளவு தூரம் சிறுக்க முடியும்? சுயமாக வாழும் வண்டுகளில், அதாவது இன்னொரு உயிருக்குள் ஒட்டி வாழாதவற்றில், ஆகச் சிறியதாகத் தெரிந்திருப்பது ஸ்கைடோசெல்லா முசாவாசென்சிஸ். நிக்கராகுவாவிலிருந்து 1999இல் விவரிக்கப்பட்டது. பின்னர் 2015இல் கொலம்பியாவில் எடுத்தவற்றை அளந்த ரஷ்ய ஆய்வாளர் அலெக்சி போலிலோவ், ஆகச் சிறியதன் நீளம் 0.325 மில்லிமீற்றர் என்று பதிவு செய்தார். ஒற்றை உயிரணுவான பரமேசியத்தின் அளவு. ஆனால் இதற்கு ஆறு கால், கண், குடல், மூளை எல்லாம் உண்டு.

இந்த ஆகச் சிறிய கூட்டம் வாழும் இடத்தைப் பார்த்தால் விசயம் விளங்கும். மரத்தில் தட்டுத் தட்டாக முளைக்கும் கட்டைக் காளானின் அடிப்பக்கத்தைப் பார்த்திருப்பீர்கள். கொழும்பு வீதியோரத்து வயதான மாரா மரங்களில், நாம் தூங்குமூஞ்சி மரம் என்பதில், கொப்பு வெட்டிய காயத்தில் அது முளைப்பதுண்டு. அடிப்பக்கம் வழவழப்பாகத் தெரிந்தாலும் உற்றுப் பார்த்தால் ஊசி குத்தியது போல ஆயிரக்கணக்கான துளைகள். ஒவ்வொரு துளையும் ஒரு குழாய். அதன் சுவரில் வித்தி விளைகிறது. இந்தக் குடும்பத்தின் மிகச் சிறிய வண்டுகள் அந்தக் குழாய்க்குள்ளேயே வாழ்கின்றன. குழாயின் அகலத்துக்கு உடல் ஒடுங்கி நீண்டிருக்கிறது. சாப்பாடு குழாய்க்குள் இருக்கிறது; குழாய்க்குள் போக முடிந்தால் உனக்குத்தான் என்பது போல. பெரிய உடல்காரர் யாரும் போட்டிக்கு வர முடியாது, துரத்திப் பிடித்துத் தின்னவும் முடியாது. சருகுக்குள்ளும் அதே கதைதான். அங்கே குழாய் இல்லை, துகள்களின் இடுக்கு இருக்கிறது. அதனால் உடல் கொஞ்சம் அகலலாம், கொஞ்சம் நீளலாம்.

சிறுத்ததற்கு விலை கொடுக்க வேண்டியிருந்தது. மிகச் சிறிய இனங்களில் இதயம் இல்லை. உடலின் எந்த மூலையும் அவ்வளவு கிட்ட இருப்பதால் சத்து தானாகப் பரவிச் சேர்ந்துவிடுகிறது, பம்பு தேவைப்படவில்லை. மூளையைச் சுருக்குவதுதான் கடினம். நரம்பணு ஓரளவுக்குக் கீழே சிறுக்காது. ஆகவே உடல் சிறுக்கச் சிறுக்க, உடலில் மூளை பிடிக்கும் பங்கு கூடிக்கொண்டே போகிறது. தலை கொள்ளாமல் ஒரு பகுதி நெஞ்சுக்குள் இறங்கிவிடுகிறது. முட்டையும் அப்படித்தான். உள்ளிருந்து ஒரு முழுக் குடம்பி வெளிவர வேண்டுமென்றால் முட்டை ஓரளவு பெரிதாக இருந்தே ஆக வேண்டும். பெண் வண்டு ஒரு நேரத்தில் ஒரே முட்டையைத்தான் வளர்க்கிறது. அந்த ஒன்று அவள் உடல் நீளத்தில் பாதி வரை வரும். நம் ஊர்ப் பல்லி, நுளம்பு எல்லாம் இடும் கணக்கோடு பார்த்தால், ஒரு பிள்ளைக்கு இத்தனை போடும் உயிர் குறைவு.

ஆண் இல்லாமல் பெண்ணே முட்டையிட்டுப் பெருகும் இனங்களும் இந்தக் குடும்பத்தில் உண்டு. அதற்கான சான்றுகளை 1966இல் ஹென்றி டைபாஸ் எடுத்துக்காட்டினார். இதன் பலன் பெரியது. ஒரு பூஞ்சாடி மண்ணில் ஒரேயொரு பெண் இருந்தால் போதும், புது இடத்தில் ஒரு கூட்டம் உருவாகிவிடலாம். வட அமெரிக்காவுக்கு உரிய அக்ரோடிரிக்கிஸ் இனங்கள் சில ஐரோப்பாவில் இப்படி நிலைத்துவிட்டன. கொழும்பு பல நூற்றாண்டாகக் கப்பல் வந்து போகும் ஊர். கறுவாத் தோட்டம், கோப்பி, தேயிலை, அலங்காரச் செடி என்று வேரும் மண்ணுமாக எத்தனையோ இங்கே இறங்கியிருக்கின்றன, ஏறியிருக்கின்றன. ஆகவே எங்கள் வளவில் அகப்பட்டது என்பதற்காக ஒரு வண்டு இந்த மண்ணுக்கே உரியது என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடக் கூடாது.

இப்போது சிறகுக்கு வருவோம். இந்த வண்டின் பெருமை முழுக்க அதில்தான் இருக்கிறது. கெட்டிச் சிறகுக்கு அடியில் மடித்து வைத்திருக்கும் பறக்கும் சிறகு, சாதாரண வண்டின் சிறகு போலத் தோலாக இல்லை. நடுவில் ஒரு மெல்லிய தண்டு, நுனியில் குறுகிய தகடு, சுற்றிவர நீண்ட மயிர்கள். கோழி இறகின் காம்பிலிருந்து இழை பிரிவது போல. மயிருக்கும் மயிருக்கும் நடுவே வெறும் வெளி. இப்படி ஓட்டையான விசிறியால் எப்படிப் பறப்பது?

காற்று நமக்குக் காற்று. அந்த அளவு உடலுக்கு அது கித்துள் பாணி. உடல் சிறுக்கும்போது காற்றின் பிசுபிசுப்பின் கை ஓங்கிவிடுகிறது. ஒரு சீப்பைப் பாணிக்குள் முக்கித் தூக்கிப் பாருங்கள். பல்லுக்கு இடையில் பாணி நின்றுவிடும். ஒழுகி முடிய நேரம் எடுக்கும். வண்டின் சிறகிலும் அதேதான் நடக்கிறது. வேகமாக வீசும்போது மயிர்களின் இடைவெளியால் காற்று அதிகம் நழுவுவதில்லை. ஆகவே சிறகு ஏறக்குறைய முழுத்தோல் போலவே வேலை செய்கிறது. பாரம் மட்டும் தோல் சிறகை விட மிகக் குறைவு. வீச எடுக்கும் உழைப்பும் குறைவு.

2022 ஜனவரியில் நேச்சர் இதழில் வந்த ஓர் ஆய்வு இதை இன்னும் தெளிவாகக் காட்டியது. வியட்நாம் காட்டிலிருந்து எடுத்த பரட்டுபோசா பிளாசென்டிஸ் என்ற இறகுச்சிறகு வண்டை, நீளம் சுமார் 0.4 மில்லிமீற்றர், அதிவேகக் கமராக்களால் பறக்கும்போது படம் பிடித்தார்கள். சிறகுகள் மேலும் கீழும் மட்டும் ஆடவில்லை. எட்டு எழுத்தைப் போல அகன்ற வளையம் போட்டன. உடலுக்கு மேலே இரண்டும் கைதட்டுவது போலச் சேர்ந்தன, கீழேயும் சேர்ந்தன. இவ்வளவு பெரிய வீச்சில் உடல் முன்னும் பின்னும் தூக்கியடிபட வேண்டும். அதைத் தடுத்தது அந்தக் கெட்டிச் சிறகு. மற்ற வண்டுகளில் பெரும்பாலும் விரித்து வைத்திருக்கும் மூடியாக இருப்பது, இங்கே எதிர்த்திசையில் ஆடி உடலைச் சமன் செய்யும் பிரேக் ஆகிறது. பலன், தன்னைவிட மூன்று மடங்கு நீளமான உறவினர் பறக்கும் வேகத்தில் இதுவும் பறக்கிறது. எவ்வளவு சிறிதோ அவ்வளவு மெதுவாகப் பறக்கும் என்றுதான் பொதுவாக எதிர்பார்ப்போம்.

பறக்க ஏன் இவ்வளவு பாடுபட வேண்டும்? உக்கல் நிலைக்காது, அதனால்தான். கொழும்பின் வெக்கையிலும் ஈரத்திலும் ஒரு சருகுக் குவியல் சில மாதத்தில் மண்ணாகிவிடும். சாணம் இன்னும் சீக்கிரம். சாப்பாடு முடிவதற்குள் அடுத்த குவியலுக்குப் போய்ச் சேர வேண்டும். இதை உறுதிப்படுத்துவது போல இன்னொரு செய்தி இருக்கிறது. செத்த மரப்பட்டைக்கு அடியில் வாழும் டினெல்லா என்ற பேரினத்தில், ஒரே இனத்துக்குள் இரண்டு வடிவம். ஒன்றுக்குச் சிறகும் கண்ணும் நிறமும் உண்டு. மற்றதுக்குச் சிறகு இல்லை, கண்ணும் இல்லை, வெளிறிய உடல். ஒரு கட்டை ஆண்டுக்கணக்கில் உக்கும். அதற்குள்ளேயே பிறந்து வளர்ந்து முடிகிறவருக்குக் கண் எதற்கு, சிறகு எதற்கு? கட்டை தீரும்போது வெளியேறப் போகிறவருக்கு மட்டும் இரண்டும் வேண்டும். நான் இந்தக் குடும்பத்தைப் பற்றி அறிந்தவற்றில் என்னை ஆக அதிகம் யோசிக்க வைத்தது இதுதான்.

இந்தக் குடும்பமும் புதிது இல்லை. மியன்மார் அம்பருக்குள், சுமார் 99 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் பிசினில் அகப்பட்ட இறகுச்சிறகு வண்டு கிடைத்திருக்கிறது. அரை மில்லிமீற்றரைச் சற்றே தாண்டிய உடல், மயிர் வைத்த அதே சிறகு.

இனி நகரத்துக்கு வருகிறேன். விடிய ஐந்தரைக்கு எங்கள் ஒழுங்கையில் ஈர்க்குமாறு சத்தம் கேட்கத் தொடங்கும். வளவைக் கூட்டி, சருகைக் குவித்து, ஒரு குச்சி தட்டிக் கொளுத்துவது நம் வீடுகளில் தலைமுறைப் பழக்கம். சருகு கிடந்தால் பாம்பு வரும், நுளம்பு வரும் என்ற பயம் நியாயமானதுதான். டெங்கு வந்த வீட்டுக்கு அதைச் சொல்லத் தேவையில்லை. ஆனால் நுளம்பு நீர் தேங்கும் சிரட்டையிலும் தகரத்திலும் யோகட் கோப்பையிலும் பெருகுகிறது. நீர் வடிந்துபோகும் சருகுக் குவியலில் அதற்கு முட்டையிட இடம் இல்லை. சிரட்டையைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சருகை மரத்தடியில் விட்டால் இரண்டும் சரியாகும். பலர் செய்வது மறுதலையாக இருக்கிறது: சருகு எரிகிறது, சிரட்டை கிடக்கிறது.

எரிக்காத வீட்டில் அது குப்பை லொறிக்குப் போகும். சமையலறைக் கழிவும் சருகும் பொலித்தீனும் ஒன்றாக இறுகி ஒரு மலையானால் என்ன நடக்கும் என்பதைக் கொழும்பு 2017 ஏப்ரல் 14ஆம் திகதி, சித்திரைப் புத்தாண்டு நாளில் பார்த்தது. மீதொட்டமுல்ல குப்பைமேடு வீடுகளின் மேல் சரிந்து 30க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்த மேட்டுக்குள் இருந்தது அழுகல். காற்றுப் போக வழியில்லை. நீர் தேங்கி, வாயு தேங்கி, பாரம் ஏறிக்கொண்டே போனது. அதே வாழைத்தோலும் அதே இலையும் ஒரு வீட்டு மூலையில் தளர்வாகக் கிடந்திருந்தால் உக்கியிருக்கும். பொருள் ஒன்றுதான், இடைவெளிதான் வேறு.

அதற்குப் பிறகு பிரித்துப் போடும் பழக்கம் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. வெள்ளவத்தைத் தொடர்மாடியில் இருக்கும் என் மச்சாள்கூட இப்போது பல்கனியில் கூட்டெரு வாளி வைத்திருக்கிறாள். போன மாதம் பதறிக்கொண்டு தொலைபேசி எடுத்தாள். "அண்ணா, வாளிக்குள்ள கறுப்பா பொடி வண்டு மொய்க்குது. அரிசிக்குள்ள போயிடுமோ? மருந்தடிக்கட்டோ?" போய்ப் பார்த்தேன். அவளுடைய வாளியில் தும்புத்தூள் நன்றாகக் கலந்திருந்தது, மணம் மண் மணமாக இருந்தது, வண்டும் இருந்தது. மருந்தடிக்க வேண்டாம் என்று சொன்னேன். இந்த வண்டு கடிக்காது, தானியம் தின்னாது, உயிருள்ள செடியைத் தொடாது. அரிசியை விட்டு வைத்தாலும் அதற்கு அங்கே வேலை இல்லை. பூஞ்சணம் காய்ந்தால் அதற்கு உணவு இல்லை. இதனால் எரு சீக்கிரம் ஆகும் என்று நான் சொல்லவில்லை. பெரிய வேலையைச் செய்வது பூஞ்சணமும் பற்றீரியாவும்தான், இது அவற்றின் தோட்டத்தில் மேயும் உயிர். ஆனால் வாளி அழுகாமல் உக்குகிறது என்பதற்கு இதைவிட நல்ல அடையாளம் எனக்குத் தெரியாது. நீர் கூடி வாளி நாறத் தொடங்கினால் இவை காணாமற்போகும். அவற்றின் இடத்துக்கு ஈயின் புழு வரும்.

பார்க்க ஆசையிருந்தால் பெரிய கருவி ஒன்றும் வேண்டாம். இத்தாலியரான அந்தோனியோ பெர்லேசே 1905இல் அமைத்த புனலும், சுவீடனின் டுல்கிரென் பிறகு அதன் மேல் சேர்த்த மின்குமிழும்தான் இன்றைக்கும் உலகெங்கும் பாவிக்கும் முறை. ஒரு பெரிய சோடாப் போத்தலைக் குறுக்கே வெட்டி, வாய்ப்பக்கத்தைத் தலைகீழாக அடிப்பாதிக்குள் வைத்தால் அதுவே புனல். உள்ளே நுளம்பு வலைத் துண்டு ஒன்றை இறக்கி, அதன் மேல் ஒரு கைப்பிடி உக்கலைப் போடுங்கள். மேலே, ஒரு சாண் உயரத்தில், பழைய சூடு தரும் மின்குமிழ். எல்இடி சரிவராது, வெளிச்சம் மட்டும் போதாது, சூடும் வேண்டும். மேல்பக்கம் காயக் காய உள்ளே இருப்பவை ஈரம் தேடி இறங்கும். கடைசியில் புனலின் வாயால் விழும். கொல்ல விருப்பமில்லை என்றால் அடியில் ஈரமான வெள்ளை டிசுவை மடித்து வையுங்கள். தண்ணீர் வைக்காதீர்கள். இந்த அளவு உயிருக்குத் துளி நீரின் மேற்பரப்பே பசை மாதிரி, பிடித்தால் விடாது.

நான் மச்சாளின் வாளியிலிருந்து எடுத்ததை அப்படி ஓர் இரவு வைத்தேன். காலையில் டிசுவில் பதினொரு வண்டு. ஒன்றை எடுத்துப் பீங்கானில் விட்டு, மச்சாளின் மகளிடம் கைவில்லையைக் கொடுத்தேன். அவள் மூச்சுப் பட்டால் பறந்துவிடும் என்று வாயைப் பொத்திக்கொண்டு குனிந்தாள். வண்டு பீங்கானின் விளிம்பு வரை ஓடியது, நின்றது, திரும்பி ஓடியது, மறுபடி விளிம்புக்கு வந்தது. முதுகு மூடி இரண்டும் பிரிந்தன. பின்னால் ஏதோ சாம்பல் நிறத்தில் மயிர் விரிந்த மாதிரி இருந்தது என்றாள். நான் வில்லையை வாங்கிப் பார்க்கும்போது விளிம்பில் ஒன்றும் இல்லை.